செல்வத்துக்கு முதல் பொங்கல் வாழ்த்து

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் இருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பலகையில் ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. டாக்டரம்மா ஆஸ்பத்திரி என்றால்தான் குதிரை வண்டிக்காரருக்கும் தெரியும். உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை, முதுகு சாய வழியில்லாத ஒரு மர ஸ்டூல், தடித்த இரண்டு ரிஜிஸ்தர்கள். அந்த ஸ்டூலில் பதினான்கு வருஷமாக சுந்தரபாய் உட்கார்ந்திருந்தாள்.

வருகிறவர்களுக்கு டோக்கன் போட வேண்டும். பெயர், ஊர், புருஷன் பெயர், எத்தனையாவது பிரசவம் என்று கேட்டு எழுத வேண்டும். பிள்ளை பிறந்ததும் நேரத்தையும் எடையையும் ரிஜிஸ்தரில் ஏற்ற வேண்டும். வலி கண்டு வருகிறவள் கூட்டிவரும் பத்துப் பேரில் எட்டுப் பேரை வெளியே நிறுத்த வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது வரை படித்தவள். முத்து முத்தான கையெழுத்து. வயது நாற்பத்தேழு. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடக்கும். புருஷன் மாணிக்கராஜ் சிவகிரியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். ஒரே மகள் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஒரு நர்சிங் ஹோம் வந்தது. மொசைக் தரை, அறைக்கு அறை மின்விசிறி. வந்த மூன்றாம் மாதமே டாக்டரம்மாவின் முகத்தில் கவலை தெரிந்தது. டாக்டர் மெஹர்பானு கெட்டிக்காரி, கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். ஆனால் கட்டடம் பழசு. மழை பெய்தால் பிரசவ அறைக்கு வெளியே வாளி வைக்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில் சிவகாசியிலிருந்து வாழ்த்து அட்டை ஆல்பத்தோடு ஒரு ஏஜெண்ட் வந்தார். பொதுவாக அவரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம் ஆல்பத்தைப் புரட்டினாள். பிறகு சுந்தரபாயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த வருஷம் இங்கன பிள்ளை பெத்த எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பப் போறோம். திருநெவேலியில என் தம்பி ஜவுளிக்கடையில வருஷா வருஷம் அனுப்புதான். பம்புசெட் கம்பெனிக்காரன் அனுப்புதான். நாம அனுப்பினா என்ன?"

"அனுப்பலாம் டாக்டரம்மா. எத்தனை பேருன்னு பாத்தியளா?"

"ரிஜிஸ்தர் உங்ககிட்டதானே இருக்கு."

நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் செத்துப் பிறந்தவை, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டவை என்று பதினொன்றுக்கு எதிரே சிவப்பு மசியில் குறிப்பு இருந்தது. அவற்றை விட்டுவிட்டு நானூற்றொரு அட்டை. அட்டையின் முன்பக்கத்தில் பொங்கல் பானை, இரண்டு கரும்பு, நடுவில் கொழுகொழுவென்று சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. உள்ளே டாக்டரம்மாவே யோசித்துச் சொன்ன வாசகம்: 'எங்கள் மருத்துவமனையில் பிறந்த தங்கள் செல்வத்துக்கு முதல் பொங்கல் நல்வாழ்த்துகள்.' அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, அச்சில்.

எழுதியதெல்லாம் சுந்தரபாய்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும் நேரத்தில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது என்று எழுதினாள். குறைந்த தபால் செலவில் போக, கவரை ஒட்டாமல் மூடி, மூலையில் 'புக் போஸ்ட்' என்று போட வேண்டும். தபால் தலை ஒட்டி ஒட்டி நாக்கு தடித்துப் போனது. அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டில் முறுக்குச் சுடவில்லை. மாணிக்கராஜ் கடையில் வாங்கி வந்தார். ஒரு பண்டிகைக்கு ஊருக்கெல்லாம் வாழ்த்து எழுதியதில் தன் பண்டிகை போனதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. எப்போது முடியும் என்றுதான் நினைத்தாள்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். புளியங்குடியிலிருந்து வந்த ஒருத்தி, "எங்க தெருவுல எனக்கு மட்டுந்தான் வந்துச்சு, டாக்டரம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காவ" என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினாள். இன்னொருத்தி அட்டையைக் காட்டி முதல் டோக்கன் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளா அக்கா?" என்றாள். சுந்தரபாய்க்கும் உள்ளுக்குள் ஒரு நிறைவுதான்.

மறுநாள் சண்முகையா வந்தார்.

முப்பது வயது இருக்கும். தோளில் துண்டு, காலில் கரிசல் மண். கூட ஆள் யாரும் இல்லை. வரிசையில் நிற்காமல் நேரே மேஜைக்கு வந்தார்.

"பொங்கலுக்கு அட்டை அனுப்புனது யாரும்மா?"

காலையிலிருந்து நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். சுந்தரபாய் சிரித்துக்கொண்டே, "நான்தான் அண்ணாச்சி எழுதுனேன். வந்து சேந்துட்டா?" என்றாள்.

"வந்துச்சு. பிள்ளை செத்து ரெண்டு மாசம் ஆச்சும்மா."

அந்தச் சிரிப்பை உடனே முகத்திலிருந்து எடுக்கத் தெரியாமல் போனதை அவள் பிற்பாடு பலமுறை மாணிக்கராஜிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்றிரண்டு நொடிதான். ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

குருவிகுளத்துக்கு அப்பால் ஊர். மனைவி பூமாரி. ஆனி மாதம் இங்கே ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. ரிஜிஸ்தரில் எந்தச் சிவப்புக் குறிப்பும் கிடையாது. ஐப்பசி கடைசியில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவருவோம் என்று பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே போய்விட்டது.

"போஸ்ட்மேனு தெருவுல வச்சே வாசிச்சுட்டாரு, நல்ல சேதின்னு நெனச்சு. அதுலருந்து அவ அட்டையைக் கையை விட்டு எறக்க மாட்டேங்கா. பொங்கலன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல. வாங்கிக் கிழிச்சுப் போடுவோம்னா குடுக்க மாட்டேங்கா. நீங்க ஒரு உபகாரம் செய்யணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தெரியாம அனுப்பிட்டோம், திருப்பிக் குடுங்கன்னு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. ஆஸ்பத்திரிலருந்து கேட்டா குடுத்துருவா."

டாக்டரம்மா அப்போது பிரசவ அறையில் இருந்தாள். அரை மணி கழித்துக் கை கழுவ வந்தவளிடம் சுந்தரபாய் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா குழாயைத் திறந்தபடியே நின்றாள்.

"அல்லாவே! நமக்கு எப்படி அக்கா தெரியும்? மன்னிப்புக் கேட்டு ஏதாவது எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்." அதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள். போய்விட்டாள்.

சுந்தரபாய் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். 'தாங்கள் பெற்ற வாழ்த்தை' என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. கொடுத்த வாழ்த்தைத் திருப்பிக் கேட்டு ஒரு தாய்க்கு எப்படி எழுதுவது? காகிதத்தை மடக்கினாள்.

"லெட்டரு வேண்டாம் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை நானே வாரேன்."

ஞாயிறு காலை சர்ச் ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சேலையோடே பஸ் ஏறினாள். குருவிகுளத்தில் இறங்கி இரண்டு மைல் நடை. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. நிழல் என்று ஒன்றும் இல்லை. கால் வலித்தபோதெல்லாம் நின்று நின்று போனாள்.

பூமாரி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "டோக்கன் போடுத அம்மாதானே? அவரு வந்து சொன்னாராக்கும்." இருபத்திரண்டு வயது இருக்கும். சாணி மெழுகிய தரையில் சாக்கை விரித்து உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அட்டை மாடக்குழியில் விளக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது.

சுந்தரபாய் தண்ணீரைக் குடித்து முடித்தாள். "மன்னிச்சிக்கிடு தாயி. தெரியாம எழுதிட்டேன்."

"தெரியாமன்னு ஏன் சொல்லுதிய? அவன் பொறந்தது நெசந்தானே?"

"நெசந்தான்."

"இந்த ஊர்ல ஒருத்தரும் அவன் பேச்சையே எடுக்க மாட்டேங்காவ. எடுத்தா நான் அழுதுருவேனாம். தொட்டிலை அவுத்துட்டாவ. துணியெல்லாம் யாருக்கோ குடுத்துட்டாவ. ஒரு போட்டோ கூட நாங்க எடுக்கல. அடுத்த மாசம் எடுப்போம், அடுத்த மாசம் எடுப்போம்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு." பூமாரி அழவில்லை. விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டே பேசினாள். "எங்க ரெண்டு பேரு பேரையும் எழுதி, பிள்ளைக்கு மொதப் பொங்கல்னு ஒரு எடத்துலருந்தாவது வந்துச்சே. அவனை நெனச்சது உங்க ஆஸ்பத்திரி ஒண்ணுதான்."

சுந்தரபாய்க்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் அவனை நினைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ரிஜிஸ்தரைப் பார்த்து, நானூற்றொன்றில் ஒன்றாக, பூமாரி, சண்முகையா என்று எழுதிவிட்டு அடுத்த கவரை எடுத்தவள் அவள்தான். அன்றைக்கு விரல் வலித்தது மட்டுந்தான் ஞாபகம் இருந்தது. அதை இவளிடம் சொல்ல முடியுமா? நினைத்துத்தான் அனுப்பினோம் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. தலையை ஆட்டினாள். அட்டையைக் கேட்கவே இல்லை.

சண்முகையா தெரு முனையில் காத்திருந்தார். "வாங்கிட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி. கேக்க முடியலை. அது அவகிட்டயே இருக்கட்டும்."

அவர் முகம் இறுகிவிட்டது. "அப்பம் எதுக்கு வந்திய? எனக்கும் பிள்ளைதானம்மா அது. காட்டுலருந்து வந்தா அந்தப் படத்துலதான் முழிக்கணும். நீங்க அனுப்புவிய, பெறவு வந்து இருக்கட்டும்பிய."

ஆனாலும் அவர் குருவிகுளம் வரை கூடவே நடந்து வந்தார். கை காட்டிப் பஸ்ஸை நிறுத்தி அவளை ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வீட்டில் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மாணிக்கராஜ் கேட்டார். "சரி, அனுப்புனது சரியா, தப்பா? நீ என்ன நெனைக்க?"

"அவளைப் பாத்தா சரிங்குது. அவரைப் பாத்தா தப்புங்குது. எனக்குத் தெரியலை. படுக்கணும் போல இருக்கு."

அந்த வருஷம் முழுவதும் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. டோக்கன் போடும்போது ஊர்ப் பெயரைக் கேட்டதும், ரிஜிஸ்தரின் பழைய பக்கத்தைத் திருப்புவாள். "உங்க ஊர்ல தங்கத்தாய்னு, மூக்காண்டி பொண்டாட்டி, மாசி மாசம் பெத்துட்டுப் போனாளே, பிள்ளை நல்லா இருக்கா?" நல்லா இருக்கு என்றால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். இல்லை என்றால் ஒரு கோடு. சிலருக்குத் தெரியாது. சிலர் முறைப்பார்கள். வலியோடு நிற்கிறவளின் முன்னால் இதைக் கேட்கலாமா என்று ஒரு கிழவர் அவளைச் சத்தம் போட்டார். அவர் சொன்னது நியாயந்தான். அதற்குப் பிறகு பிரசவத்துக்கு வந்தவர்களிடம் கேட்பதில்லை. ஊசி போட, மருந்து வாங்க வந்தவர்களிடம் மட்டும் கேட்டாள். யாரும் கேட்கச் சொல்லாத வேலை. இதற்காக யாரும் அவளுக்கு ஒரு பாராட்டும் சொல்லவில்லை. கேட்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

எண்பத்து மூன்று டிசம்பரில் டாக்டரம்மா மறுபடியும் ஆல்பத்தை வரவழைத்தாள். சுந்தரபாயைக் கேட்பதற்கு முன்பே அட்டைக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. அதே வாசகம். படம் மட்டும் வேறு.

"இந்த வருஷம் வேண்டாம் டாக்டரம்மா," என்றாள் சுந்தரபாய்.

"அந்த ஒருத்தருக்காகவா? போன வருஷம் எத்தனை பேரு சந்தோசமா வந்தாவ, நீங்களே பாத்தியள்லா? ஸ்டேஷன் பக்கத்துல காலண்டர் குடுக்கப் போறாவளாம். நாம சும்மா இருக்கவா?"

"காலண்டரு குடுங்க. பிள்ளையைச் சொல்லி அனுப்ப வேண்டாம்."

"ஜவுளிக்கடைக்காரன் அனுப்பலியா?"

"சேலை வாங்குனவ வீட்டுல சேலை இருக்கும் டாக்டரம்மா. பம்புசெட்டு வாங்குனவன் கெணத்துல பம்புசெட்டு இருக்கும். நம்மகிட்டருந்து வாங்கிட்டுப் போனது அப்பிடியா?"

பதினைந்து வருஷத்தில் டாக்டரம்மாவை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அந்த வருஷம் பிறந்தவை முன்னூற்றுத் தொண்ணூறு. அதில் பாதிப் பேரைப் பற்றித்தான் விசாரிக்க முடிந்திருந்தது. அந்தப் பாதியில் பதினான்கு பிள்ளைகள் இல்லை. ஊர், தாயின் பெயர், என்ன மாதம், என்ன சீக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தாள். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. சில காய்ச்சல். இரண்டுக்குக் காரணம் தெரியவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வாசித்து முடித்ததும் மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள்.

"இத்தனை பேரா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே அக்கா."

"சொல்லுததுக்கு யாரு வருவா? பிள்ளை இருந்தா ஊசிக்கு வருவாவ. இல்லன்னா இங்கன என்ன சோலி?"

"இந்த முப்பிடாதியம்மாள்... இது அந்த இரட்டைப் பிள்ளைல்லா? ரெண்டுமா?"

"ஒண்ணு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று பிரசவம் பார்த்திருந்தாள். ஒன்று ஆயுதம் போட்டு எடுத்தது. சோர்ந்த குரலில், "நான் என்ன செய்யணுங்கிய?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

சுந்தரபாயிடமும் பெரிய யோசனை எதுவும் இல்லை. "தபால்ல போட வேண்டாம். அட்டை வந்தது இருக்கட்டும். ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வாரவங்களுக்குக் கையில குடுப்போம். பிள்ளையைக் கண்ணால பாத்துட்டுக் குடுக்கலாம்."

அப்படித்தான் நடந்தது. நானூறு அட்டையும் மேஜைக்குக் கீழே பெட்டியில் இருந்தன. பிள்ளையோடு வருகிறவளுக்கு, பொங்கல் கழிந்து சித்திரையானாலும் ஆடியானாலும் முதல் பொங்கல் வாழ்த்து கிடைத்தது. ஆடியில் என்ன பொங்கல் என்று சிரித்தபடியே வாங்கிக்கொண்டு போனார்கள். தபாலில் வரவில்லை என்று கோபித்தவர்களும் உண்டு. "போன வருஷம் என் நாத்தனாருக்கு வீட்டுக்கே வந்துச்சு, நான் மட்டும் எளக்காரமா?" என்று ஷரீபா பீவி என்கிற பெண் வாசலில் நின்று கேட்டாள். அவளிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. கையில் பிள்ளையோடு நிற்கிறவளிடம் மற்றப் பிள்ளைகள் செத்ததை எப்படிச் சொல்வது? "தபாலாபீஸ்ல கொழப்பம்" என்று சொல்லி வைத்தாள். அந்த அட்டைக்காக ஊசி போட வந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்களோ என்னவோ. அதற்கு மேல் இல்லை.

டாக்டரம்மா அந்தத் தாளைத் தன் அறைச் சுவரில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள். பிறகு, பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது எப்படி என்று சொல்லி அனுப்பும்படி உத்தரவு வந்தது. சொல்ல வேண்டியவளும் சுந்தரபாய்தான். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. தொண்டை கட்டிப் போகும். கேட்டவர்கள் எத்தனை பேர் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

எண்பத்தைந்தில் அட்டை அச்சடிப்பதே நின்றுபோனது. டாக்டரம்மா கட்டடத்தைப் பழுது பார்த்தாள், மின்விசிறி மாட்டினாள். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அட்டையால் வந்தவர்களும் இல்லை, அட்டை இல்லாமல் போனவர்களும் இல்லை என்றுதான் சுந்தரபாய்க்குத் தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம், குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் மருந்து வாங்க வந்தாள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் சுந்தரபாய் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்க ஊர்ல பூமாரின்னு, சண்முகையா வீடு. எப்படி இருக்கா?"

"அவளா? பொம்பளப் பிள்ளை பொறந்து மூணு மாசம் ஆச்சுல்லா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ."

"எங்கன பெத்தா?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஸ்டேஷன் பக்கத்துல, புது ஆஸ்பத்திரியில. இங்கன கூட்டிட்டு வர மாட்டேன்னு அவ வீட்டுக்காரரு சொல்லிட்டாராம்."

"நல்லது," என்றாள் சுந்தரபாய். அவருடைய கோபத்தில் அவளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை நல்லா இருக்கிறது என்பதில் மனசு லேசானது. இங்கே வரவில்லை என்பதில் எங்கோ ஓரத்தில் குத்தியது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பின்னால் வரிசை வாசல்படி வரை நீண்டிருந்தது. யாரோ ஒருவர் குடையால் தரையைத் தட்டினார். அவள் கால்களை ஸ்டூலுக்குக் கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள்.